நிசெகோவுக்கு ஸ்னோபோர்டுடன் விமானப் பயணம்: பொதி கட்டுவதும் ஹனேடாவில் மாறுவதும்

கரவெட்டியான் (ரொறன்ரோ) கேட்டது:

உறவுகளுக்கு வணக்கம். வருகிற ஜனவரி இறுதியில் என் பெறாமகனும் நானும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவுக்கு ஸ்னோபோர்ட் செய்யப் போகிறோம். ரொறன்ரோவிலிருந்து டோக்கியோவின் ஹனேடா வரை ஒரு கனேடிய விமானத்திலும், அங்கிருந்து சப்போரோவுக்கு அருகிலுள்ள நியூ சிட்டோசே வரை ஒரு ஜப்பானிய உள்நாட்டு விமானத்திலும் பயணம். இரண்டும் தனித்தனிச் சீட்டுகள். உள்நாட்டுச் சீட்டைச் சிறு கட்டணம் செலுத்தி இன்னும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அவசியமென்றால் அதையும் யோசிக்கத் தயாராக இருக்கிறோம்.

எனது போர்ட் (பனிச்சறுக்குப் பலகை) 158 சென்ரிமீற்றர் நீளம், பெறாமகனுடையது 154. இதுவரை ஒன்ராறியோவின் புளூ மவுண்டனுக்கும் கியூபெக் மலைகளுக்கும் வாகனக் கூரையில் கட்டிக்கொண்டு போனதோடு சரி; விமானத்தில் ஏற்றிய பழக்கம் இருவருக்கும் இல்லை. பைண்டிங்கை (சப்பாத்தைப் போர்ட்டோடு பிணைக்கும் பிடி) கழற்றி வைப்பதா, பூட்டியபடியே வைப்பதா? சில்லுப் பூட்டிய தடித்த பை வாங்குவதா, தோளில் போடும் மெல்லிய பை போதுமா? இரண்டு போர்ட்டையும் ஒரே பையில் வைத்தால் ஒரு பொதிக்கான இடம் மிச்சமாகும் என்று பெறாமகன் சொல்கிறான். அது நல்ல யோசனையா?

சர்வதேசச் சீட்டில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பொதிகள் அனுமதி என்று போட்டிருக்கிறது. உள்நாட்டு விமானத்தில் அது செல்லுபடியாகுமா என்பது தெளிவாகவில்லை. ஹனேடாவில் பொதிகளை நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். விமானம் பிற்பகலில் இறங்கும். அன்றிரவே சிட்டோசேக்குப் பறக்கத் திட்டம்.


மேற்குமலை (கல்கரி) எழுதியது:

வணக்கம் அண்ணா. பொதி கட்டுவது பற்றி நான் சொல்கிறேன். ஜப்பான் உள்நாட்டு விதிகளை அங்கு இருப்பவர்கள் சொல்வதுதான் பொருத்தம்.

பையை வாங்குவதற்கு முன் நிறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு போர்ட் 3 கிலோ அளவில் வரும். ஒரு சோடி பைண்டிங் 2 கிலோ, சப்பாத்து இன்னொரு 2 கிலோ. சுற்றிவரப் பஞ்சு வைத்துச் சில்லுப் பூட்டிய பைகள் பல, காலியாக இருக்கும்போதே 4 கிலோவை எட்டிவிடும். அதாவது 23 கிலோவில் ஏறக்குறைய பாதி, உடுப்பு எதுவும் வைக்காமலே முடிந்துவிடுகிறது. இருந்தாலும் நான் சில்லுப் பையைத்தான் பரிந்துரைப்பேன். விமான நிலையம், விடுதி, பேருந்துத் தரிப்பிடம் என்று பனியிலும் ஈரத்திலும் இழுபட வேண்டிய பயணம் இது. 15 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு ஹனேடாவின் நீண்ட நடைகூடங்களில் நடப்பது எளிதான காரியம் அல்ல. பஞ்சு மட்டும் அதிகம் வேண்டாம். உங்கள் பனி உடுப்புகளே பஞ்சின் வேலையைச் செய்துவிடும்.

பைண்டிங்கைக் கழற்றுங்கள். பூட்டியபடி வைத்தால் பின்தட்டு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதன்மேல் இன்னொரு பெட்டி விழுந்தால் பின்தட்டோ பிளாஸ்டிக் பட்டியோ உடையும். போர்ட்டில் திருகு இறங்கியிருக்கும் இடமும் விசையை வாங்கும். கழற்றுவதற்கு முன் டிஸ்க்கின் (பைண்டிங்கைப் போர்ட்டில் பொருத்தும் வட்டத் தகடு) விளிம்பில் உள்ள கோடுகளைக் கவனித்து, முன்கால் எத்தனை பாகை, பின்கால் எத்தனை பாகை, எந்தத் துளைகளில் திருகு இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 3 பாகை. நீங்கள் முன்கால் 15, பின்கால் கழித்தல் 6 என்று பழகியவராக இருந்தால், முதல் நாள் காலை விடுதியின் மங்கிய வெளிச்சத்தில் நினைவை வைத்துப் பூட்டுவதைவிடப் படத்தைப் பார்த்துப் பூட்டுவது நல்லது. திருகுகளையும் வளையங்களையும் அழுத்தி மூடும் சிறு பையில் போட்டு, அந்தப் பையை பைண்டிங்கின் பட்டியிலேயே கட்டிவிடுங்கள். தனியாகப் போட்டால் காணாமல் போவது அதுதான். திருகுகளின் புரியில் நீல நிறத்தில் பூசியிருக்கும் பசை, கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் தேயும். ஆகவே முதல் இறக்கம் முடிந்ததும் எட்டுத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். திருப்புளி பெரிய பொதிக்குள்தான் இருக்க வேண்டும், கைப்பையில் அல்ல.

போர்ட்டுக்கு ஆபத்து நடுவில் அல்ல, முனைகளில். பையை நிமிர்த்திக் கீழே போடும்போது வால்பக்க எஃகு விளிம்பு முழு நிறையையும் தாங்குகிறது; அது போர்ட்டையும் பிளக்கும், பையின் துணியையும் கிழிக்கும். இதற்கு மலிவான தீர்வு ஒன்று உண்டு. தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருக்கச் சுற்றும் சாம்பல் நிற நுரைக்குழாய், நீளவாக்கில் வெட்டப்பட்டபடியே வன்பொருள் கடைகளில் கிடைக்கும். அதை முன்முனையிலும் வால்முனையிலும் விளிம்பின்மேல் செருகி, கடதாசி நாடாவால் இரண்டு இடத்தில் ஒட்டிவிடுங்கள். அதற்கு மேலே பனிக் காற்சட்டையைச் சுருட்டி அடைத்தால் போதும். பைண்டிங் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி கவிழ்த்து, போர்ட்டின் நடுப்பகுதியில் வையுங்கள். பாரம் நடுவில் இருந்தால் பை வளையாது.

தலைக்கவசத்தைப் பொதியில் போடாதீர்கள். உள்ளேயுள்ள நுரை ஓர் அடிக்கே உள்ளூர வெடித்துவிடக்கூடும், வெளியே தெரியாது. அதற்குள் கண்ணாடியையும் கையுறையையும் அடைத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

சப்பாத்தும் உங்களோடுதான் வர வேண்டும். போர்ட் வராமல் போனால் நிசெகோவில் வாடகைக்கு எடுக்கலாம். உங்கள் காலின் வடிவத்துக்குப் பழகிய சப்பாத்தை யாரும் வாடகைக்குத் தரமாட்டார்கள். ஒரு முதுகுப்பையில் சப்பாத்துச் சோடி, ஒரு நாளைக்கான உடுப்பு, தலைக்கவசம் இருந்தால், மற்ற எல்லாம் தாமதமானாலும் மறுநாள் மலைக்குப் போய்விடலாம். சப்பாத்தைக் காலிலேயே அணிந்துகொண்டு விமானம் ஏறுவோரும் உண்டு. பாதுகாப்புச் சோதனையில் அவர்கள் அதைக் கழற்றி மாட்டும்வரை பின்னால் நிற்பவர்களின் பொறுமையைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இன்னொன்று. பொதியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் பொது விதி. உங்கள் போர்ட்டின் நீளமே அதைத் தொட்டுவிடுகிறது. பனிச்சறுக்கு உபகரணங்களுக்குப் பல நிறுவனங்கள் இந்த அளவில் விலக்குத் தருகின்றன. ஆனால் நிறையில் விலக்கு இல்லை. விலக்கு உண்டா, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருங்கள்.


டோக்கியோ வாசி எழுதியது:

வணக்கம் ஐயா. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பயணத்தின் பலவீனமான கண்ணி அந்த உள்நாட்டு விமானம்தான்.

ஜப்பானுக்குள் எந்த விமான நிலையத்தில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேதான் குடிவரவும் சுங்கமும். எனவே ஹனேடாவில் எல்லாப் பெட்டிகளையும் நீங்களே எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். சீட்டு ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஸ்னோபோர்ட் பை மற்றப் பெட்டிகளோடு சுழலும் பட்டையில் வருமென்று காத்திருக்காதீர்கள்; பெரிய அளவுப் பொருட்களைப் பெரும்பாலும் தனி வாயில் வழியாக ஊழியர்களே கையால் கொண்டுவந்து வரிசையாகச் சாய்த்து வைப்பார்கள்.

வேறுபாடு எடையில்தான் வருகிறது. ஜப்பான் ஏர்லைன்ஸ், ஏ.என்.ஏ. இரண்டிலும் உள்நாட்டுச் சாதாரண வகுப்புக்கு இலவச அளவு 20 கிலோ. அது ஒரு பெட்டிக்கு 20 கிலோ அல்ல, ஓர் ஆளின் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து 20 கிலோ. கனடாவிலிருந்து ஒரே சீட்டாக வாங்கியிருந்தால் சர்வதேச அளவே கடைசி வரை தொடரும். கனடாவில் தொடங்கும் அல்லது முடியும் ஒரே சீட்டுப் பயணங்களுக்கு, வழியில் நிறுவனம் மாறினாலும் ஒரே பொதி விதிதான் என்று அந்த நாட்டின் போக்குவரத்து முகமை 2015 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. தனிச் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டொரண்டோவில் 46 கிலோ வரை இலவசமாக ஏற்றிய நீங்கள், ஹனேடாவில் 20 கிலோவுக்கு மேற்பட்டதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். கைப்பைக்கும் இங்கே 10 கிலோ என்ற வரம்பு உண்டு, அதுவும் இரண்டு பைகள் சேர்ந்து. சப்பாத்தும் ஹெல்மெட்டும் இருக்கும் முதுகுப்பை 10 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இரண்டு வழிகள். ஒன்று, உள்நாட்டுச் சீட்டை மாற்றும் கட்டணத்தையும், முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக்கினால் வரும் விலை வித்தியாசத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றொன்று, இந்த ஊர்க்காரர்கள் செய்வது: போர்ட்டை விமானத்தில் ஏற்றாமல் தக்யூபின் எனும் பொதி விநியோகச் சேவை மூலம் அனுப்பிவிடுவது. யமாட்டோ நிறுவனம் பனிச்சறுக்குக் கருவிகளுக்கென்றே 1983இல் ஒரு தனிச் சேவையைத் தொடங்கியது. கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டிகளை இங்கே எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஹனேடாவின் மூன்றாம் முனையத்தில் வருகைக் கூடத்திலேயே பெட்டிகளை அனுப்பும் முகப்பு இருக்கிறது. விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நீங்கள் போய்ச் சேரும் தேதி, எந்தப் பெயரில் அறை பதிவாகியிருக்கிறது ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் போதும், பை நேராக விடுதிக்கே போய்விடும். ஒரே சிக்கல், டோக்கியோவிலிருந்து ஹொக்கைடோ போய்ச் சேர இரண்டு நாளாவது ஆகும். கடும் பனி என்றால் அதற்கு மேலும் ஆகலாம்.

இந்த இடத்தில் உங்கள் திட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிற்பகலில் இறங்கி அன்றிரவே சிட்டோசேக்குப் பறப்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதனால் என்ன லாபம் என்று புரியவில்லை. சிட்டோசேயிலிருந்து நிசெகோவுக்குப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இரவு இறங்குகிறவருக்குப் பேருந்து கிடைப்பது அரிது. எப்படியும் அன்றிரவு சிட்டோசேயிலோ சப்போரோவிலோ தங்கத்தான் வேண்டும். அதற்குப் பதிலாகப் போர்ட்டை ஹனேடாவில் தக்யூபினில் போட்டுவிட்டு, டோக்கியோவில் இரண்டு இரவு தங்கி நேர மாற்றத்தைச் சரிசெய்துகொண்டு, கையில் சிறு பெட்டியோடு வடக்கே போகலாம். ஜனவரியில் சிட்டோசேயில் பனிப்பொழிவால் விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் வழக்கம். தனிச் சீட்டுக்காரருக்கு ஒரு விமானம் தவறினால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றே பறந்துதான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விமானங்களுக்கும் இடையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். உள்நாட்டு விமானங்கள் வேறு முனையங்களிலிருந்து புறப்படும், முனையங்களுக்கு இடையில் இலவசப் பேருந்து ஓடுகிறது.


தூள்பனி (மொன்றியல்) எழுதியது:

இவ்வளவு சிரமப்பட்டு ஒன்ராறியோவின் போர்ட்டை ஏன் நிசெகோவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் கேள்வி. புளூ மவுண்டனின் முழு உயர வேறுபாடு 219 மீற்றர். அங்கே பெரும்பாலான நாட்களில் காலுக்குக் கீழே இருப்பது இறுகிய பனி. அதற்கேற்ற போர்ட் விறைப்பாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். நிசெகோவில் ஒரு பருவத்துக்கு 15 மீற்றர் அளவில் பனி பொழிகிறது, அதுவும் சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் உலர்ந்த தூள். அதில் மிதக்க அகன்ற முன்முனையும் குறுகிய வாலும் கொண்ட தூள்பனிப் போர்ட் வேண்டும். நிசெகோவின் ஹிராஃபு பகுதியிலுள்ள வாடகைக் கடைகளில் அப்படிப்பட்டவை வரிசையாக நிற்கின்றன, ஒரு நாள் ஒன்று, மறுநாள் வேறொன்று என்று மாற்றியும் பார்க்கலாம்.

சப்பாத்தும் பைண்டிங்கும் மட்டும் கொண்டுபோங்கள். இரண்டும் ஒரு சாதாரணப் பெட்டிக்குள் அடங்கும், 20 கிலோவுக்குள் எல்லாம் முடிந்துவிடும், நீளமான பை என்ற தொல்லையே இல்லை. உங்கள் பைண்டிங்கின் டிஸ்க் நான்கு துளைப் போர்ட்டுக்கும், துளைகளுக்குப் பதிலாக நீளமான பள்ளம் உள்ள பேர்ட்டன் நிறுவனப் போர்ட்டுக்கும் பொருந்துமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில டிஸ்க்குகள் இரண்டுக்கும் பொருந்தும், சில ஒன்றுக்குத்தான் பொருந்தும்.


கரவெட்டியான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. உள்நாட்டு விமானத்தில் எல்லாம் சேர்ந்து 20 கிலோ என்பது எனக்குப் புதிய செய்தி. தூள்பனி சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் போர்ட் அந்த விறைத்த வகைதான். ஆனால் பெறாமகன் சென்ற ஆண்டு வாங்கியது அகன்ற முனையுள்ள தூள்பனிப் போர்ட், அதை அவன் விட்டுவிட்டு வரமாட்டான். ஆகவே ஒரு போர்ட் நிச்சயம் வருகிறது.

இன்னும் இரண்டு விடயங்கள். எங்களிடம் மின்கலத்தில் சூடாகும் கையுறைகள் இருக்கின்றன. அவனிடம் பனிச்சரிவுக் காற்றுப்பை ஒன்றும் இருக்கிறது, அழுத்தவாயு உருளையில் இயங்குவது. இவற்றை எங்கே வைப்பது? போர்ட் உடைந்தோ தொலைந்தோ போனால் நிறுவனம் உண்மையில் எவ்வளவு தரும்?


பொதிக்காரன் (வன்கூவர்) எழுதியது:

நான் ஒரு விமான நிலையத்தின் பொதிப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை.

கையுறையின் லித்தியம் மின்கலங்களைக் கழற்றி, முனைகளை மூடி, கைப்பையில் வையுங்கள். உதிரி மின்கலம் எதுவும் கீழே ஏற்றும் பொதிக்குள் போகக்கூடாது. 100 வாட் மணிக்குள் இருந்தால் அனுமதி கேட்கத் தேவையில்லை. வோல்ட்டை அம்பியர் மணியால் பெருக்கினால் அந்த எண் வரும். 7.4 வோல்ட், 3 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 22 வாட் மணிதான், கவலை இல்லை. கைப்பேசிக்கான மின்வங்கியும் அப்படியே. அதோடு, 2025 ஜூலை 8 முதல் ஜப்பானிய விமானங்களில் மின்வங்கியைத் தலைக்கு மேலுள்ள பெட்டகத்தில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

வாயு உருளையுள்ள காற்றுப்பையைச் சர்வதேச விதி தடை செய்யவில்லை: ஆளுக்கு ஒன்று, நிறுவனத்தின் முன் அனுமதியோடு. அனுமதியை இரண்டு நிறுவனங்களிடமும் தனித்தனியாக, எழுத்தில் பெற வேண்டும். தொலைபேசியில் ஒருவர் சரி என்று சொன்னதை முகப்பில் நிற்பவர் ஏற்கமாட்டார். எழுத்தில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெழுகு கொண்டுபோகலாம், மெழுகைக் கரைக்கும் தீப்பற்றும் திரவம் எதுவும் ஏறாது.

இனி இழப்பீடு. கனடாவும் ஜப்பானும் 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையில் இருக்கின்றன. அதன்படி சர்வதேசப் பயணத்தில் பொதி தொலைந்தாலோ, சேதமானாலோ, தாமதமானாலோ நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகு (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை. 2024 டிசம்பர் 28இல்தான் 1,288இலிருந்து அது உயர்ந்தது. நாணயமாற்றைப் பொறுத்து 2,800 கனேடிய டாலரை ஒட்டி வரும். இது உச்சவரம்பு மட்டுமே. உங்கள் உண்மையான இழப்பை நீங்கள் காட்டினால்தான் கிடைக்கும், பழைய போர்ட்டுக்குத் தேய்மானமும் கழிப்பார்கள். இதில் பலர் கவனிக்காதது, வரம்பு ஒரு பயணிக்குத்தான், ஒரு பொதிக்கு அல்ல என்பது. இரண்டு போர்ட்டையும் ஒரே பையில், ஒருவரின் பெயரில் ஒப்படைத்துவிட்டு அது தொலைந்தால், மற்றவரின் போர்ட்டும் உள்ளே இருந்தது என்று நிறுவனத்தோடு வாதாட வேண்டிவரும். ஆகவே பெறாமகனின் யோசனை நிறைக்கு நல்லது, கோரிக்கைக்கு நல்லதல்ல.

டோக்கியோ வாசி சொன்ன தனிச்சீட்டு இங்கேயும் குறுக்கே வருகிறது. ஹனேடாவிலிருந்து சிட்டோசே தனி ஒப்பந்தம் என்பதால் அந்தப் பகுதிக்கு மொன்றியல் உடன்படிக்கை பொருந்தாது; ஜப்பானின் பெரிய நிறுவனங்களின் உள்நாட்டு நிபந்தனைகளில் பொறுப்பு ஒரு பயணிக்கு 1,50,000 யென்னோடு நிற்கிறது. ஒரு நல்ல போர்ட், பைண்டிங், உடுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், அதைத் தாண்டிவிடும்.

சேதம் நேர்ந்தால் செய்ய வேண்டியதை என் வேலையிலிருந்து சொல்கிறேன். பையைச் சுங்கத்துக்கு முன்பே, பொதி எடுக்கும் கூடத்திலேயே திறந்து பாருங்கள். களைத்துப்போய் விடுதிக்குப் போன பிறகு பிளவைக் கண்டுபிடிப்பவர்களின் கோரிக்கைதான் அதிகம் நிராகரிக்கப்படுகிறது, ஏனென்றால் எங்கே உடைந்தது என்று காட்ட வழியில்லை. சேதம் தெரிந்தால் கூடத்தை விட்டு வெளியேறுமுன் பொதி முகப்பில் முறைப்பாட்டு அறிக்கை எழுதி அதன் இலக்கத்தை வாங்குங்கள். அந்த அறிக்கையே போதுமென்று நின்றுவிடாமல், சேதத்துக்குப் பொதியைப் பெற்ற 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பொதி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும். பை தாமதமான நாட்களில் வாடகைக்கு எடுத்த போர்ட்டின் பற்றுச்சீட்டையும் அதோடு இணைக்கலாம். நியாயமான செலவென்று ஏற்க இடமுண்டு. ஒப்படைக்கும்போது முகப்பில் இருப்பவர், சேதத்துக்குப் பொறுப்பல்ல என்று ஓர் ஒட்டுச்சீட்டில் கையெழுத்துக் கேட்டால், என்ன காரணம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பை சரியாக மூடப்பட்டு, உள்ளே பாதுகாப்பாகக் கட்டப்பட்டிருப்பதைக் காட்டும் படங்கள் உங்களிடம் இருந்தால், பிறகு பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

பைக்குள் ஒரு இடங்காட்டிக் கருவியைப் போடுங்கள். ஆப்பிளின் ஏர்டாக் காட்டும் இடத்தை இப்போது எயர் கனடா உட்படச் சில நிறுவனங்களோடு நேரடியாகப் பகிரலாம். நாங்கள் தேடும்போது அது உண்மையிலேயே உதவுகிறது.


மேற்குமலை எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. பெறாமகனின் போர்ட் புதியது என்றால், புறப்படுமுன் விமான நிலையத்திலுள்ள கனேடிய எல்லைச் சேவை அலுவலகத்தில் அதைக் காட்டி, பி.எஸ்.எஃப். 407 என்ற அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. தொடரிலக்கத்தைக் குறித்துத் தருவார்கள்; திரும்பி வரும்போது அது ஜப்பானில் வாங்கியதல்ல என்று காட்ட அது போதும். அங்கே ஏதாவது வாங்கினால், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கு வரிவிலக்கு 800 டாலர்.


கரவெட்டியான் எழுதியது:

பெறாமகனோடு பேசிவிட்டேன். அவன் தன் போர்ட்டைத் தன் பெயரிலேயே தனிப் பையில் கொண்டுவருகிறான்; நான் சப்பாத்தும் பைண்டிங்கும் மட்டும். காற்றுப்பையை விட்டுவிடுகிறோம், பனிச்சறுக்கு மையத்தின் எல்லைக் கதவுகளுக்கு வெளியே போகும் எண்ணம் இம்முறை இல்லை. ஒரே சீட்டாக்கும் விலை வித்தியாசம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் உள்நாட்டுச் சீட்டின் திகதியை இரண்டு நாள் தள்ளி மாற்றிவிட்டு, ஹனேடாவில் போர்ட்டைத் தக்யூபினில் அனுப்பப் போகிறோம். திரும்பி வரும்போதும் அப்படியே செய்ய முடியுமா என்பதை மட்டும் டோக்கியோ வாசி சொன்னால் நல்லது.


டோக்கியோ வாசி எழுதியது:

செய்யலாம் ஐயா. நிசெகோவின் பெரும்பாலான விடுதிகளில் வரவேற்பு முகப்பிலேயே அனுப்பும் படிவம் இருக்கும். ஹனேடாவிலிருந்து கனடா புறப்படும் நாளையும் விமான எண்ணையும் எழுதி, விமான நிலைய முகப்பைச் சேருமிடமாகக் குறிக்க வேண்டும். விமான நிலையத்துக்கு அனுப்பும் பெட்டிகள் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே அங்கே சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், நிசெகோவிலிருந்து குறைந்தது மூன்று நாள் முன்னதாக ஒப்படையுங்கள். நான்கு என்றால் இன்னும் நல்லது. அதாவது உங்கள் கடைசி நாட்களில் தம்பிக்கும் வாடகைப் போர்ட் தேவைப்படும். அது பிடிக்காவிட்டால் திரும்பும்போது மட்டும் போர்ட்டை உள்நாட்டு விமானத்தில் ஏற்றி, துணிப்பெட்டியைத் தக்யூபினில் அனுப்பிவிடலாம். போர்ட் பையில் போர்ட்டும் பைண்டிங்கும் மட்டும் இருந்தால் 20 கிலோவுக்கு வெகு கீழேதான் நிற்கும்.

பைக்குள் வைக்கும் எதுவும் ஈரமாக இருக்கக்கூடாது. விடுதிகளில் உலர்த்தும் அறை உண்டு. கடைசி இரவு முழுவதும் பூட்ஸின் உட்பகுதியை வெளியே எடுத்து வைத்து, போர்ட்டின் எஃகு விளிம்பைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு மூடிய பை கனடா போய்ச் சேர்வதற்குள் விளிம்பு துருப்பிடிக்கும், நனைந்த உடுப்பு எடையையும் கூட்டும். தக்யூபின் பெட்டியிலிருந்து மின்வங்கியையும் கையுறை மின்கலங்களையும் எடுத்துவிட மறக்காதீர்கள். படிவத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதக் கேட்பார்கள். ஸ்னோபோர்ட், உடுப்பு என்று எழுதினால் போதும்.